ஏறச்சொல்ல மூச்சு வாங்குது

அம்மாசியின் உள்ளங்காலில் செம்மண் ஒட்டியிருந்தது. நைனார்பாளையத்து விவசாயி. மாரடைப்பு வந்து இதய வார்டில் சேர்த்த நாளிலிருந்து அவர் கட்டிலை விட்டுக் கீழே கால் வைக்கவில்லை. காலையில்தான் நர்ஸ் செவ்வந்தி ஈரத்துணியால் அந்தக் கால்களைத் துடைத்துவிட்டிருந்தாள். வார்டின் தரையோ பினாயில் போட்டுத் துடைத்துத் துடைத்து முகம் தெரிகிற வெள்ளை டைல்ஸ். மண் வர வழியே இல்லை. ஆனாலும் விரல் இடுக்கில்கூட ஈரமாக அப்பியிருந்தது, கூடவே நசுங்கிய ஒரு சருகும். சொந்தக்காரர்கள் யாராவது கோயில் மண் என்று பூசியிருப்பார்கள், செய்யக்கூடியவர்கள்தான் என்று நினைத்துக்கொண்டு மறுபடியும் துடைத்துவிட்டாள்.

டாக்டர் சிவசங்கர் அந்த வார்டுக்குக் கொண்டுவந்த கணக்கு ஒன்று உண்டு. வயது, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், ரத்தப் பரிசோதனை, மூச்சு வாங்குகிறதா இல்லையா, எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் தட்டினால் இந்த நோயாளி சாக நூற்றுக்கு எவ்வளவு வாய்ப்பு என்று ஓர் எண் வந்து நிற்கும். எண் பெரிதாக இருந்தால் வீட்டாரைத் தனியே அழைத்து மெதுவாகச் சொல்ல வேண்டும். சொன்னாலும் புரிகிறதா? "நூத்துக்கு நாப்பதா? அப்ப பாஸுதான்" என்று மலர்ந்த முகத்தோடு வெளியே போன மகன்கள் உண்டு. அவர்களைத் திருப்பிக் கூப்பிட்டு உட்காரவைத்து விளக்குவதும் செவ்வந்தி தலையில்தான் விழும்.

"ஐயா, மூச்சு வாங்குதா?" என்று கேட்டாள்.

"ஏறச்சொல்ல வாங்குது மா."

ஏறும்போது என்பதை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். மாடிப்படியைச் சொல்கிறார் என்று நினைத்தாள். "வூட்டுல மாடி இருக்குதா?"

"ஓட்டு வூடு மா. இப்ப ஏறிக்கினு இருக்கேனே, அதச் சொன்னேன்."

மல்லாந்து படுத்திருந்தார். மானிட்டரில் பச்சைக் கோடு ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் குனிந்து கேட்டபோது அந்த மூச்சு படுத்திருப்பவரின் மூச்சாக இல்லை. நாலடி ஏறி நின்று, இடுப்பில் கை கொடுத்து, மறுபடி நாலடி ஏறுகிறவரின் மூச்சு. பினாயில் வாடையைத் தாண்டி இன்னொரு வாசம் வந்தது, கல்வராயன் மலையில் கடுக்காய் பொறுக்கிக் காயவைக்கிற களத்தில் வருமே, அந்தத் துவர்ப்பு வாசம்.

எங்கே ஏறுகிறீர்கள் என்று செவ்வந்தி கேட்கவில்லை. புறப்பட்டுப் போகிறவரைப் பார்த்து "எங்க போற" என்று கேட்டால் போகிற காரியம் விளங்காது, வழியிலேயே நின்றுபோகும் என்று சின்ன வயதில் அவள் அம்மா வாயிலேயே போட்டிருக்கிறாள். கேட்டுவிட்டால் போனவர் திரும்பி வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். அதனால் எல்லாரும் கேட்பதுபோல் அவளும் கேட்டாள்.

"தூரமா ஐயா?"

"தூரந்தான்" என்றார் அம்மாசி. முகம் தெளிவாக இருந்தது.

அவருக்கு வந்த எண் மிகச் சிறியது. நாளைக்குச் சாதாரண வார்டுக்கு மாற்றிவிடலாம் என்றார் டாக்டர். அன்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலேயே அம்மாசி போய்ச் சேர்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு செவ்வந்தி காதைத் தீட்டிக்கொண்டாள். எண் பெரிதோ சிறிதோ, ஏறுகிறேன் என்று சொன்னவர்கள் போனார்கள். சொல்லாதவர்கள், நூற்றுக்கு அறுபது வந்தவர்கள்கூட, ஹார்லிக்ஸ் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போனார்கள். வார்டின் மேற்கு ஜன்னலில் எந்நேரமும் மலை தெரியும், வெயில் ஏற ஏற நீலம் வெளுத்துப்போகிற மலை. விளக்கு அணைந்தால் அணைந்தது என்று சொல்லாமல் மலையேறிவிட்டது என்று சொல்கிற ஊர் இது. அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று அவள் அதுவரை யோசித்ததில்லை. யோசித்தபோதும் பயம் வரவில்லை. பல வருஷமாகச் செத்தவர்களுக்குக் கண் மூடிவிட்டும் தாடை கட்டிவிட்டும் அவள் உள்ளே எங்கோ மரத்துப்போயிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. கால்களைத் துடைத்துவிடுவாள், தூரமா என்று கேட்பாள், திரையை இழுத்து மூடுவாள், கை கழுவப் போவாள்.

அந்த மரத்த இடம் அசைந்தது அவள் வீட்டுக்காரன் கவியரசனை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வந்த அன்றுதான்.

கவியரசன் வடக்கனந்தலில் மோட்டார் காயில் கட்டுகிறவன். காலையில் காக்கிச் சட்டையோடு கடையில் உட்கார்ந்து செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிசைந்திருக்கிறது. வாயு என்று உப்புப் போட்டு சோடா குடித்திருக்கிறான், நம்மூர் ஆம்பிளைகள் எல்லாரும் குடிப்பதுபோல. அப்புறம் பக்கத்துக் கடைக்காரர்கள் ஆட்டோவில் போட்டுக் கொண்டுவந்தார்கள். பிள்ளைகள் இல்லை. அவளுக்கு அவன், அவனுக்கு அவள், வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மக்காச்சோளம், அவ்வளவுதான் அவர்கள் குடும்பம். அவனுடைய விவரங்களை அவளே கம்ப்யூட்டரில் தட்டினாள். நூற்றுக்கு இரண்டு வந்தது.

"சிஸ்டர், தைரியமா இருங்க. ரெண்டுங்கறது ஒண்ணுமே இல்ல" என்று டாக்டர் தோளைத் தொட்டுச் சொல்லிவிட்டுப் போனார்.

அவள் போர்வையை விலக்கி அவன் காலைப் பார்த்தாள். செம்மண். கணுக்கால் வரைக்கும்.

"செவ்வந்தி" என்றான் கவியரசன். கண் மூடியிருந்தது. "ஏறச்சொல்ல மூச்சு வாங்குதுடி."

கடுக்காய் வாசம். வலது கால் மெல்ல மடங்கி நீண்டது. அப்புறம் இடது கால். அவள் வாய் தானாகத் திறந்துகொண்டது. வாழ்நாளெல்லாம் கேட்கக் கூடாது என்று இருந்ததை, வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்திக் கேட்டாள்.

"எங்க போறீங்க?"

கால்கள் நின்றன. அவன் முகம் சுளித்தது, தெருவில் போகிறவனைப் பின்னாலிருந்து கூப்பிட்டால் சுளிக்குமே, அப்படி. "கெளம்பச்சொல்ல இப்டியா கேப்ப?" என்றான். மூச்சு வாங்குவது நின்றது. நான்கு நாளில் ஆளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஆனால் திரும்பி வந்து உட்கார்ந்து தண்ணீர் குடிக்க வேண்டுமே, அது நடக்கவில்லை. தண்ணீர் கொடுத்தால் டம்ளரைப் பிடித்துக்கொண்டிருப்பான், குடிக்க மாட்டான். பின்வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு மக்காச்சோளத்துக்கு அப்பால் மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். ஊட்டினால் விழுங்குவான். தொட்டால் மண்பானையின் குளிர்ச்சி. அவன் கெண்டைக்கால் மட்டும் விடாமல் துடித்துக்கொண்டிருந்தது.

"இன்னாங்க பண்ணுது? படுங்களேன் கொஞ்சம்."

"நின்னுக்கினு இருக்கறன்ல" என்றான், நாற்காலியில் உட்கார்ந்தபடியே. "கால் வலிக்குது."

அவள் அவன் காலைப் பிடித்துவிட்டாள். தைலம் தேய்த்தாள். ஆள் பக்கத்தில் இருக்கிறானே, அது போதும் என்று வைராக்கியமாக இருந்துவிட்டாள். ஒவ்வொரு நாளும் டவுன் பஸ் பிடித்துக் கள்ளக்குறிச்சிக்கு வேலைக்கு வரும்போதும் திரும்பும்போதும் அந்த மலையை மட்டும் பார்க்காமல் உட்கார்ந்துகொள்வாள்.

வார்டில் சாவு நின்றுபோனது. முதலில் யாரும் கவனிக்கவில்லை. பிறகு டாக்டருக்கு நடையே மாறிப்போனது. "இந்தக் கணக்கு இன்னும் திருத்தணும் சிஸ்டர், எண்பது வந்தவங்களும் பொழைக்கிறாங்க" என்று சிரித்தார். அவர்கள் பிழைத்ததாகச் செவ்வந்திக்குத் தோன்றவில்லை. கட்டில்கள் நிறைந்தன, யாரும் வீட்டுக்கும் போகவில்லை, வெளியே தாழ்வாரத்திலும் கட்டில் போட்டார்கள். மருந்து, ஊசி, ஆக்சிஜன் எதற்கும் மூச்சு வாங்குவது அடங்கவில்லை. எல்லாக் கால்களிலும் செம்மண். எல்லாக் கெண்டைக்கால்களிலும் துடிப்பு. அத்தனை பேரின் மூச்சும் மெல்ல மெல்ல ஒன்றோடொன்று சேர்ந்து, ஒரே ஆள் மூச்சு வாங்குவதுபோல் ஒரே நேரத்தில் ஏறி ஒரே நேரத்தில் இறங்க ஆரம்பித்தது.

தியாகதுருகத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்த நூர் முகமது பாய்க்கு வந்த எண்ணைப் பார்த்து டாக்டரே வீட்டாரை வரச்சொல்லிவிட்டார். வந்தார்கள், அழுதார்கள், ஓதினார்கள். வாரம் திரும்பியும் பாய் அப்படியே கிடந்தார். உதடு வெடித்துப் புண்ணாகியிருந்தது.

"சிஸ்டரு" என்று அவர் மனைவி ஆசியா பீவி அவளைத் தாழ்வாரத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். "அவரு படற கஷ்டத்தக் கண்ணால பாக்க முடியல மா. ராவும் பகலும் இரைக்குது. நல்லபடியா போயிடட்டும்னு துவா கேக்கறேன். புருஷனுக்கு அப்டிக் கேக்கலாமா? தப்பா மா?"

செவ்வந்தி உள்ளே போய்ப் பாயின் உதட்டில் ஈரப்பஞ்சை ஒற்றினாள். அவர் கண்ணைத் திறந்து அவளையே பார்த்தார்.

"நகர மாட்டேங்கிறாரு மா."

"யாரு பாய்?"

"முன்னாடி ஒருத்தரு. ஒத்தையடிப் பாத. இந்தப் பக்கம் பாறை, அந்தப் பக்கம் பள்ளம். தாண்டிப் போவ முடியல. பின்னாடி கூட்டம் சேந்துக்கினே கீது. உக்காரவும் எடம் இல்ல." ஒரு மூச்சு. இன்னொரு மூச்சு. வார்டு முழுவதும் அதே மூச்சு. "யாரோ எங்க போறன்னு கேட்டுட்டாங்களாம். அதான் நிக்கறேன்றாரு."

பஞ்சு அவள் கையிலேயே இருந்தது.

"எப்டி இருக்காரு அவரு?"

"மூஞ்சி தெரியல மா. முதுகுதான். காக்கிச் சட்டை. கையில செம்புக் கம்பி சுருட்டி வச்சினு கீறாரு."

அன்று பாதி வேலையிலேயே சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டாள். பஸ்ஸில் முதல்முறையாக மலையைப் பார்த்தபடி வந்தாள். அழுகை வரும் என்று பார்த்தாள், வரவில்லை. மரத்துப்போக ஊசி போட்ட இடத்தை வேறொருவர் தொடுகிறமாதிரி இருந்தது எல்லாம். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. பின்வாசலில் கவியரசன் அதே நாற்காலியில் இருந்தான். அவன் உள்ளங்காலிலிருந்து ஈரமண் சிமெண்டுத் தரையில் சொட்டியிருந்தது.

அவள் அவன் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். அவனை விட மனமில்லை. ஆசியா பீவியின் முகமும் கண்ணை விட்டுப் போகவில்லை. ரொம்ப நேரம் அவன் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். துடிப்பு அவள் கைக்குள் ஏறி இறங்கியது.

"நான்தான் நிறுத்திட்டேன்" என்றாள். "கேட்டிருக்கக் கூடாது. கெளம்புங்க."

கவியரசன் திரும்பி அவளைப் பார்த்தான். எத்தனையோ நாளைக்கு அப்புறம் அவன் முகம் அவன் முகமாகவே இருந்தது. டம்ளரை எடுத்துத் தண்ணீரைக் குடித்தான், மடக்மடக்கென்று, கடைசிச் சொட்டு வரைக்கும். தினமும் காலையில் கடைக்குக் கிளம்பும்போது சைக்கிளைப் பிடித்தபடி கேட்பதைக் கேட்டான்.

"அப்ப, வரட்டா?"

தினமும் சொல்வதை அவளும் சொன்னாள். "ம், போய்ட்டு வாங்க."

தலை நாற்காலியின் முதுகில் சாய்ந்தது. கெண்டைக்கால் அடங்கியது. உள்ளே அவளுடைய செல்போன் அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. எடுத்தபோது டாக்டரின் குரல் அடையாளமே தெரியவில்லை. "சிஸ்டர், எல்லாரும். எல்லா கட்டில்லயும். ஒரே நேரத்துல."

மறுநாள் காலையில் கவியரசனை எடுத்தார்கள். ஆண்கள் சுடுகாட்டுக்குப் போனதும் கவியரசனின் அக்கா லட்சுமியம்மாள் வீடு முழுக்கக் கழுவிவிட்டாள். திரும்பி வருகிறவர்கள் கால் கழுவ வாசற்படியில் ஒரு குடம் நிறையத் தண்ணீர் வைத்தாள், பக்கத்தில் ஒரு சொம்பு. போனவர்கள் வந்தார்கள். கால் கழுவினார்கள். கொஞ்ச நேரம் பந்தலில் உட்கார்ந்திருந்துவிட்டு ஒவ்வொருவராக எழுந்து, யாரிடமும் ஒரு சொல் சொல்லாமல், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்கள். செவ்வந்தி சுவரில் சாய்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்துத் தெருவுக்குப் புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண் ஒருத்தி எழுந்து, "அப்ப நான் போய்ட்டு வ..." என்று ஆரம்பித்தாள்.

லட்சுமியம்மாள் பாய்ந்து அவள் வாயைப் பொத்தினாள். "இன்னா பேச்சு பேசற? எழவு வூட்டுல வரேன்னு சொல்லுவாங்களா? வான்னும் சொல்லக் கூடாது, வரேன்னும் சொல்லக் கூடாது. இதுகூட உங்க வூட்ல சொல்லித் தரலியா?"

அந்தப் பெண் தலைகுனிந்து போய்விட்டாள். செவ்வந்தியின் முதுகு சுவரை விட்டு விலகியது. நேற்று பின்வாசலில் இதே வாயால் சொன்னது அவள் காதில் மறுபடி கேட்டது. போய்ட்டு வாங்க. கல்யாணமான நாளிலிருந்து சொல்லிச் சொல்லித் தேய்ந்த சொல். "போங்க" என்று புருஷனிடம் சொல்ல எவளுக்கு நாக்கு வரும்? சொல்லியிருக்க வேண்டும். போ என்று மட்டும் சொல்லியிருக்க வேண்டும். அவன் ஒரு நாளும் அவள் பேச்சைத் தட்டியவன் இல்லை.

மத்தியானமாகிவிட்டது. பந்தல் காலியாகிவிட்டது. ராத்திரியெல்லாம் தூக்கம் கெட்ட லட்சுமியம்மாள் நடுவீட்டில் வெறும் தரையில் சுருண்டு தூங்கினாள். தெருவில் நாய்கூட இல்லை. வெயிலில் மக்காச்சோளத் தட்டைகள் உராய்கிற சத்தம் மட்டும் சரசரவென்று வந்துகொண்டிருந்தது, காற்று அடித்தால் வருமே அந்தச் சத்தம். கொஞ்சம் கழித்துத்தான் செவ்வந்தி கவனித்தாள். காற்றே இல்லை. வேப்பமரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை.

கடுக்காய் வாசம் வீட்டுக்குள் வந்தது.

அவள் எழுந்தாள். லட்சுமியம்மாளைத் தாண்டிப் பின்வாசலுக்குப் போய் நின்றாள். மலையடிவாரத்திலிருந்து வரப்பு நேராக இந்த வாசலுக்குத்தான் வருகிறது. வரப்பு ஒற்றையடிப் பாதை. அதில் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் பின்னால் ஒருவராக. பட்டப்பகலில். ஆஸ்பத்திரியின் பச்சை அங்கி வெயிலில் கண்ணைக் கூசியது. வரிசையின் கடைசி தெரியவில்லை. மலைச்சரிவில் பச்சைக் கோடாக வளைந்து வளைந்து மேலே போனது. இறங்கி வருகிறவர்களுக்கு மூச்சு வாங்கக் கூடாது. வாங்கியது. எல்லாருக்கும் ஒன்றாக.

முன்னால் காக்கிச் சட்டை.

சட்டையின் ஒரு பக்கம் கருகியிருந்தது. கையில் செம்புக் கம்பி. வாசற்படி வரைக்கும் வந்தான். நின்றான். அவன் நின்றதும் மொத்த வரிசையும் நின்றது.

"வந்துட்டேன்" என்றான் கவியரசன்.

அவனுக்குப் பின்னால் நூர் முகமது பாய். உதட்டில் அதே வெடிப்பு. அவருக்குப் பின்னால் அவள் திரை இழுத்து மூடிய ஒரு முகம். அதற்குப் பின்னால் அம்மாசி. என்றைக்கோ போனவர். அவரும். எல்லாரும் அவளையே பார்த்தார்கள். யாரும் படியில் கால் வைக்கவில்லை. வாசலில் வந்து நிற்கிறவர்களுக்கு வீட்டுக்காரி சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அதற்காக நின்றார்கள்.

சொல்லக் கூடாது. அவளுக்குத் தெரியும். சற்றுமுன்தான் லட்சுமியம்மாள் சொல்லக் கேட்டிருந்தாள். பற்களைக் கடித்தாள். இரண்டு கைகளாலும் வாயைப் பொத்தினாள். வாய் மரத்துப்போயிருந்தது. கை மரத்துப்போயிருந்தது. விரல்களுக்கு அடியில் உதடு அசைவதை, வேறு யாருடைய உதடோ அசைவதுபோல் உணர்ந்தாள்.

"வாங்க" என்று கேட்டது. அவள் குரல்தான்.

கவியரசன் தலையசைத்தான். முன்வாசலில் வைத்த குடம் பின்வாசற்படியில் இருந்தது. எப்படி வந்ததென்று தெரியவில்லை. அவன் சொம்பில் தண்ணீர் மொண்டு வலது காலில் ஊற்றினான். இடது காலில் ஊற்றினான். சிமெண்டுத் தரையில் தண்ணீர் சிவப்பாக ஓடி அவள் விரல்களைத் தொட்டது. ஈரக்காலோடு அவளைக் கடந்து உள்ளே போனான். பாய் ஓரடி முன்னால் வந்து, குனிந்து, சொம்பை எடுத்தார்.